2603-ஆம் ஆண்டில் இரவல் போன நாவல்

1867-இல் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் வந்த பிறகு சென்னை மாகாணத்தில் அச்சேறிய ஒவ்வொரு புத்தகமும் அரசாங்கத்தின் கண்ணில் பட்டாக வேண்டும் என்றாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழோடு வெளிவந்த பட்டியலில் தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்தார்கள். தமிழ்த் துப்பறியும் நாவலின் வரலாற்றைத் தேடுகிறவனுக்கு அது புதையல். ஆனால், அச்சான பிரதிகளில் கப்பலேறியவை எத்தனை, இறங்கிய ஊரில் அவற்றை யார் படித்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது.

மலாயாப் பக்கமும் இதே போன்ற ஒரு பதிவு இருந்தது. 1886-ஆம் ஆண்டுச் சட்டப்படி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அச்சகங்கள் தாங்கள் அடித்த புத்தகங்களைப் பதிய வேண்டும். சிக்கல் என்னவென்றால் பேராக் அந்த நீரிணைக் குடியேற்றங்களில் சேர்ந்ததல்ல. அது சுல்தானின் கீழ், பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையில் நடந்த மலாய் மாநிலம். மேலும், பதிவு அங்கே அச்சான நூலுக்குத்தான். சென்னையிலிருந்து மூட்டையாக வந்திறங்கிய நாவலுக்கு இல்லை. கோலா கங்சாரில் உட்கார்ந்து சென்னை நாவல் படித்த தமிழர் இரண்டு பதிவேடுகளின் இடுக்கிலும் விழுந்து மறைந்துபோகிறார்.

எனக்கிருந்த கேள்வி சிறியது. ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் போருக்கு முன்னால் எந்த மர்மக் கதையைத் தேடிப் படித்தார்கள்? நல்ல கதை இன்னதென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இந்த ஊரில் தேதிகளுக்குப் பஞ்சமில்லை. 1877-இல் ஒன்பது ரப்பர் கன்றுகள் சிங்கப்பூரிலிருந்து இங்கே வந்து ஊன்றப்பட்டன. அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் மாவட்ட அலுவலகத்தருகே வேலிக்குள் நிற்கிறது. மலாய்க் கல்லூரி 1905. உபுடியா பள்ளிவாசல் 1917. அந்தக் கல்லூரியில் 1950களின் நடுவில் ஆசிரியராக இருந்த அந்தோணி பர்ஜஸ் ஊரின் பெயரைக் ‘கோலா ஹந்து’ என்று மாற்றி, 1956-இல் ‘டைம் ஃபார் எ டைகர்’ என்ற நாவலாக எழுதினார். சுல்தானுக்கும் மரத்துக்கும் ஆங்கில வாத்தியாருக்கும் தேதி இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, மரம் சீவிவிட்டு வந்து, மண்ணெண்ணெய் விளக்கடியில் யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் இல்லை.

எனவே பட்டியலை விட்டுவிட்டுப் பிரதியைத் தேட வேண்டியிருந்தது. கோலா கங்சாருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுத்தராக, இருந்தவரின் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. தடித்த கட்டு. தலைப்புப் பக்கம் இல்லை. தொடக்கத்தில் முப்பது பக்கம் போலக் காணோம். பழைய நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் மேலே நூலின் பெயரை அச்சடித்திருப்பார்கள். இதை பைண்டு செய்தவர் ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று கத்தி போட்டதில் அந்த வரியும் போய்விட்டது. தாள் தொட்டால் உதிரும் பழுப்பு. எழுத்துகளில் கொம்பும் சுழியும் போட்ட பழைய ‘ணை’, ‘லை’, ‘றா’. இதை வைத்து 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று சொல்லலாம். அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

கதைக்குள் நுழைந்தால் முதல் துப்பு கிடைத்தது. துப்பறிகிறவரின் பெயர் கோவிந்தன். அந்தக் கால வாசகருக்கு இந்தப் பெயர் ஒன்றே போதும், ஆசிரியர் ஜே. ஆர். ரங்கராஜு என்று சொல்லிவிடுவார். பாளையங்கோட்டைக்காரரான ரங்கராஜு (1875–1959) எழுதிய நாவல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விற்பனையோ பதிப்புக்கு மேல் பதிப்பு. துப்பறியும் கோவிந்தன் ஒரு கதையோடு போய்விடாமல் அடுத்த கதைக்கும் வருவார். அதனால் கோவிந்தன் என்ற பெயர் ஆசிரியரைக் காட்டுமே தவிர எந்த நாவல் என்று காட்டாது. நாலைந்து பக்கம் தள்ளி ராஜாம்பாள் வந்தாள், கோபாலன் வந்தான், சந்தேகம் தீர்ந்தது. 1908-இல் வெளிவந்த ‘இராஜாம்பாள்’. காணாமற்போன பெண், காதலன் தலையில் விழும் பழி, அதைச் சிக்கெடுக்கும் கோவிந்தன்.

இங்கே ஒரு வழக்கமான கூற்றைத் திருத்திவிட்டு நகர்கிறேன். தமிழில் துப்பறியும் கதை ரங்கராஜுவோடும் ஆரணி குப்புசாமி முதலியாரோடும் தொடங்கியதாகப் பலரும் சொல்வார்கள். பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணரை நாயகனாக்கி 1894-லேயே கதைகள் வெளியிட்டுவிட்டார். ஆகவே ரங்கராஜு முதல்வர் அல்லர். ஆனால் துப்பறிவாளரின் பெயரைச் சொல்லிக் கடையில் புத்தகம் கேட்கும் பழக்கம் வேர்பிடித்தது அவரும் ஆரணியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய நாள்களில்தான். இன்று விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி என்று சோடிப் பெயர் சொல்லித் தேடுகிறோமே, அதன் ஆரம்பம் அங்கே.

கட்டின் பின்பாதியில் தாளும் எழுத்தளவும் மாறுகின்றன. அங்கே வராகசாமி என்ற வக்கீல், அவனுடைய அக்காள் பெருந்தேவி, நடுவில் அல்லற்படும் மேனகா. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’. அது 1923. ஆக, கட்டு அதற்கு முன் உருவாகியிருக்க முடியாது. பதினைந்து ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு ஆசிரியர்களின் நாவல்களை ஒரே அட்டைக்குள் போட்டவருக்குப் பதிப்பாளரின் கணக்கு எதுவும் இல்லை. தம் சுவைப்படி சேர்த்திருக்கிறார். கையிலிருந்தவை இந்த இரண்டு மட்டும்தானோ என்றும் கேட்கலாம். அதையும் மறுக்க முடியாது.

முதுகுப்பகுதி விட்டுப் போயிருந்தது. உள்ளே பலத்துக்காகப் பழைய செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். ஒரு கீற்றில் ‘னகா’ என்று பெரிய எழுத்தில் பாதிப் பெயர். அதன் கீழே ‘பேசும் பட’ வரைக்கும் தெரிந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடத்திய ‘மேனகா’வை 1935-இல் பி. கே. ராஜா சாண்டோ பேசும்படமாக எடுத்தார். அதே ஆண்டு ‘ராஜாம்பாள்’ படமானது. மறு ஆண்டு ரங்கராஜுவின் ‘சந்திரகாந்தா’. கீற்றிலுள்ள அந்த இரண்டெழுத்து வேறெதுவாகவும் இருக்கலாம், ‘கனகா’ என்றுகூட. சேர்ந்து வரும் ‘பேசும் பட’ அதைப் படத்தின் விளம்பரமாக்குகிறது. கட்டுக்குள் இருக்கும் நாவலும் மேனகாவாக இருப்பது ஊகத்துக்குப் பலம் தருகிறது. அப்படியே கொண்டாலும், பழைய செய்தித்தாள் ஒரு வீட்டில் எத்தனை ஆண்டு கிடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 1935-க்கு முன் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

இருந்தும் ஒன்று புரிந்தது. நல்ல நாவல் எது என்று அறிவிக்க அந்த நாளில் மதிப்புரையை யாரும் எதிர்பார்த்துக் கிடக்கவில்லை. புத்தகத்தின் பின்பக்க விளம்பரம், ‘ஆனந்தபோதினி’ மாதிரியான மாத இதழ், பிறகு நாடகம், பிறகு டாக்கி. கதையை மேடையில் பார்த்தவர் நாவலைத் தேடினார். நாவலைப் படித்தவர் படத்துக்குப் போனார்.

அட்டைதான் என்னை அதிக நேரம் நிறுத்தியது. துணியைப் பிரித்தால் அடியில் கெட்டியான கணக்குப் புத்தக அட்டை; உட்புறம் ஒட்டிய தாளில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை கட்டங்கள், இடப்பக்கம் பெயர்களுக்கான நீண்ட பத்தி. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்: செக்ரோல். நாள்தோறும் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று கிராணி குறித்து, மாதக் கடைசியில் அதை வைத்துச் சம்பளம் போடும் பேரேடு. தோட்ட ஆபீஸ் பேரேட்டின் அட்டை நாவலுக்குப் போர்வையாகியிருக்கிறது. ஆகவே கட்டியவர் கிராணி என்று முடித்துவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. காலாவதியான கணக்குப் புத்தகங்கள் பழைய தாளாகப் பசாருக்குப் போய்ப் பொட்டலம் மடிக்கவும் பயன்பட்டன. அட்டை தோட்டத்திலிருந்து வந்தது என்பது உறுதி. யார் கையால் என்பது இல்லை.

கடைசியாகக் கிடைத்தது பின்னட்டையின் உட்பக்கம். அதில், ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் காப்பி பென்சிலால் ஒரு பட்டியல் எழுதியிருந்தது. இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் தேதி, பக்கத்தில் ஒரு சரிக்குறி. சில வரிகளில் சரிக்குறி இல்லை. முதல் தேதி 14–9–03.

1903-ஆக இருக்க முடியாது. ராஜாம்பாள் எழுதப்படவே இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. அப்படியானால் 2003 என்றுதான் மனம் போகும். அதற்குள் இங்கே பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆனாலும் பழைய புத்தகத்தைப் புதிதாக யாரும் இரவல் வாங்கியிருக்கலாமே. நாலு வரி தள்ளி ஆண்டு முழுதாகவே எழுதப்பட்டிருந்தது: 2603. அதைத் தேதி என்று கொள்ளாமல் புத்தகத்தின் வரிசை எண் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் இரண்டாயிரத்து அறுநூறு புத்தகம் வைத்திருக்கும் நூலகம் எந்தத் தோட்டத்தில் இருந்தது?

விடை பட்டியலின் போக்கிலேயே இருந்தது. 03-க்குப் பிறகு 04 வருகிறது. 04-க்குப் பிறகு நேரே 46. அந்தத் தாவல்தான் பூட்டைத் திறந்தது. ஜப்பானியர் மலாயாவை ஆண்ட மூன்றரை ஆண்டில் அலுவலகங்களில் தங்கள் பேரரசு ஆண்டைப் புகுத்தினார்கள். ஜிம்மு சக்கரவர்த்தி அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் கி.மு. 660-லிருந்து எண்ணுவது அது. நம் ஆண்டோடு 660-ஐக் கூட்ட வேண்டும். 1943 என்பது 2603. 1944 என்பது 2604. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பட்டியல் 1946-இல் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுகிறது.

வீட்டுப் புத்தகத்தில் இரவல் குறிக்க ஜப்பானிய ஆண்டைப் போட்டவர் யார்? தினமும் அந்த ஆண்டை எழுதிக் கை பழகியவராக இருக்க வேண்டும். செக்ரோல் அட்டையும் காப்பி பென்சிலும் இந்த ஆண்டும் ஒரே மேசையைத்தான் காட்டுகின்றன. தோட்ட ஆபீஸ், கிராணி. மூன்று சாட்சி ஒத்துப்போனால் வழக்கை முடித்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் பட்டியலின் இடப்பக்கத்தை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. அங்கே ஆண் பெயர் ஒன்றுகூட இல்லை. பெண் பெயரும் இல்லை. ‘மூணாம் லயத்து அக்கா’, ‘டிரஸர் வீட்டம்மா’, ‘வாத்தியார் வீடு’, ‘ஸ்டோர் அண்ணி’. லயம் என்பது தொழிலாளர் வரிசை வீடு; டிரஸர் என்பவர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர்; ஸ்டோர் என்பது பால் உறையவைத்து ரப்பர் தாள் அடிக்கும் கொட்டகை. அக்காவையும் அண்ணியையும் உறவு சொல்லிக் குறித்தது ஒரு கிராணியின் ஆபீஸ் மொழி அல்ல. அந்த வீட்டின் மூத்த பெண்மணியிடம் இதைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுத்தைப் பார்த்தவர், “அப்பாவுக்குக் கதைப் புத்தகம் பிடிக்காது தம்பி. அம்மாதான் படிப்பாங்க. தேதி போடச் சொல்லிக் கொடுத்தது வேணும்னா அப்பாவா இருக்கும்” என்றார்.

ஒருவருடைய நினைவு மட்டும் ஆவணமாகிவிடாது. எழுபது எண்பது ஆண்டு கழித்துச் சொல்லப்படுவது வேறு. ஆனால் அவர் சொன்னதும் பட்டியலின் உறவுப் பெயர்களும் தனித்தனியே நின்று ஒரே இடத்துக்கு வருகின்றன. அந்தக் கால ஒழுக்கவாதிகள் நாவல் படித்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று எழுதித் தள்ளிய கட்டுரைகளும் வேறு விதத்தில் இதற்குச் சாட்சி. படிக்காதவர்களைப் பற்றி யாரும் அவ்வளவு கவலைப்படுவதில்லை. 1925-இலிருந்து ‘ஜகன்மோகினி’யைத் தம் கையில் வைத்து நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாளின் வாசகர்களை நினைத்துப் பார்த்தால் போதும். அட்டையும் ஆண்டும் ஆபீசிலிருந்து வந்திருக்கின்றன, நாவல் அடுப்படியிலிருந்து இரவல் போயிருக்கிறது என்றே இப்போது கொள்கிறேன்.

பெயர் எண்ணிக்கை வாசகர் எண்ணிக்கை ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி, உரக்கப் படித்துப் பலர் கேட்கும் வழக்கத்திலிருந்து மௌன வாசிப்புக்குத் தமிழர் நகர்ந்த கதையை விரிவாக எழுதியிருக்கிறார். தோட்ட லயங்களில் அந்த நகர்வு மெதுவாகவே நடந்தது. அல்லி அரசாணி மாலையையும் மதுரைவீரன் கதையையும் பெரிய எழுத்துப் புத்தகத்தில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகள் நாலு எழுத்து கூட்டிப் படிக்கும் ஒரு தலைமுறையைத் தந்தன. டிரஸர் வீட்டம்மா பட்டியலில் மூன்று முறை வருகிறார். முடிவு தெரிந்த துப்பறியும் கதையை மூன்று முறை எதற்கு எடுக்க வேண்டும்? அவர் தமக்காக மட்டும் எடுக்கவில்லை, கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் படித்துக் காட்டினார் என்று ஒரு விளக்கம். வேறு புத்தகமே இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதற்குக் கடல் சாட்சி சொல்கிறது.

போருக்கு முன் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல்கள் பினாங்குக்கு வந்துகொண்டே இருந்தன. 1926-இல் கட்டிய ‘ரஜுலா’வை மலேசியத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்களும் கருவாடும் பித்தளைக் குடமும் ஆனந்த விகடனும் அந்த வழியில் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினார்கள். மாதம் முடிவதற்குள் கோலா கங்சாரும் ஈப்போவும் அவர்கள் வசம். அன்றோடு சென்னைப் புத்தகம் நின்றது. 1942-இல் தேவன் விகடனில் ‘துப்பறியும் சாம்பு’வைத் தொடங்கினார். வங்கி வேலையில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த அசட்டு சாம்பு தற்செயலாகவே குற்றவாளிகளைப் பிடிக்கும் ஐம்பது கதைகள். தமிழ்நாடே வாரா வாரம் சிரித்துக்கொண்டிருந்தபோது இந்தத் தோட்டங்களில் சாம்பு என்ற ஒருவர் பிறந்ததே தெரியாது. மேனகாவை எழுதிய வடுவூரார் அதே 1942-இல் காலமானார். அந்தச் செய்தியும் இங்கே வந்திருக்க வழியில்லை. (கடைசிக் காலத்தில் அவர் துப்பறிவதை விட்டுவிடவில்லை, பண்டை எகிப்தியருக்கும் தென்னாட்டு ஐயங்கார்களுக்கும் உறவு கண்டுபிடித்து ‘லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகமே போட்டார்.) 2603-இல் இங்கே இருந்தவர்கள் முப்பத்தைந்து வயதான ராஜாம்பாளைத்தான் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள்.

சரிக்குறி இல்லாத வரிகளுக்கு வருகிறேன். 1943-இல் அப்படி மூன்று. அந்த ஆண்டுதான் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் தமிழர். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. குறியில்லாத வரிகளை அந்த ரயிலோடு முடிச்சுப் போடுவது எளிது, எழுதினால் படிப்பவர் கண்ணும் கலங்கும். ஆனால் புத்தகம் திரும்பி வந்திருக்கிறது. வராமல் அடுத்த வரியில் அடுத்தவர் பெயரை எழுதியிருக்க முடியாது. குறி போட மறந்திருக்கலாம். ஒருவரிடமிருந்து நேரே இன்னொருவர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பாதை அக்டோபர் 1943-இல் இணைந்து முடிந்தது. நம் பட்டியல் தொடங்குவதே செப்டம்பர் நடுவில். எனவே இந்த மூன்று வரிகளை சயாமுக்கு அனுப்ப எனக்குச் சம்மதமில்லை.

நாவலின் உள்ளே எழுத்துக் குறிப்பு எதுவும் இல்லை. பாதி தாண்டி ஓரிடத்தில், ஒரு பாத்திரத்தின் பெயருக்கடியில் பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறி. அதை யாரோ எச்சில் தொட்டு அழித்திருக்கிறார்கள். ஊதாக் கறை மட்டும் படர்ந்து கிடக்கிறது. யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று ஒருவர் அடுத்தவருக்குக் காட்டிவிடப் பார்த்திருக்கிறார், அடுத்தவருக்கு அது பிடிக்கவில்லை. முடிவைச் சொல்லிவிடாதே என்ற சண்டை இன்றைக்கு வந்ததல்ல.

நீதிமன்றக் காட்சிகள் வரும் தாள்களின் கீழ் மூலை கறுத்து மழுங்கியிருக்கிறது. வருணனைப் பக்கங்கள் அப்படியில்லை. மேனகாவில் நாத்திமார் வரும் பக்கங்களில் எண்ணெய்ப் பிசுக்கு. வாசகர்களின் தீர்ப்பு அழுக்கில் பதிந்திருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத தகவல் இது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நினைத்துக்கொண்டேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் இல்லாவிட்டால் இந்த நாவல்களில் பல நமக்குப் பெயரளவிலேயே தெரிந்திருக்கும். ஆனால் ஒரு சேகரிப்பாளர் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றிய பிரதியும், பத்துக் கை மாறிய பிரதியும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. ஆசையோடு படிக்கப்பட்டவை கிழிந்து, பைண்டாகி, மறுபடி கிழிந்து அடுப்புக்குப் போயின. எனவே எந்த நூலகத்திலும் இன்று நல்ல நிலையில் கிடைப்பவற்றை எண்ணி, அந்தக் காலத்தில் இவைதான் விரும்பப்பட்டன என்று முடிவு செய்வது ஆபத்து.

1946-இல் பட்டியல் சட்டென்று மெலிகிறது. மூன்று வரி, அதோடு சரி. கப்பல் மறுபடி வரத் தொடங்கியதும் புதுப் புத்தகங்கள் வந்திருக்கும். பழைய ராஜாம்பாளுக்கு ஓய்வு. 1948 ஜூன் 16 அன்று இதே மாவட்டத்தில், சுங்கை சிப்புட் பக்கம் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிறகு முள்வேலியும் ஊரடங்கும் தோட்ட லயங்களை இடம் மாற்றியதும் வந்தன. வீட்டுக்கு வீடு புத்தகம் போய்வரும் வழக்கத்துக்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்று அந்த நாளை அறிந்தவர்கள் சொல்வார்கள். பட்டியல் நின்றதற்கு அதுதான் காரணமா என்றால், தேதி ஒத்துவரவில்லை. கடைசி வரி 1946-இலேயே முடிந்துவிட்டது. புதுப் புத்தகம் என்ற முதல் காரணமே எனக்குப் போதுமானதாகப் படுகிறது. தமிழ்வாணன் 1948-இல் ‘கல்கண்டு’ இதழுக்கு வந்தார். கொஞ்ச காலத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் படமும், நாடு நாடாகப் பறக்கும் அவருடைய துப்பறிவாளர் சங்கர்லாலும் வாசகர்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்பது ஆய்வுக் கேள்வி அல்ல. இவற்றில் எதை இன்று படிக்கலாம் என்பதுதான். ரங்கராஜு, வடுவூரார் இருவருடைய எழுத்துக்கும் இன்று பதிப்புரிமைத் தடை இல்லை, மறுபதிப்புகள் இருக்கின்றன. ‘இராஜாம்பாள்’ இன்றும் ஓடும். மடாதிபதியின் வேஷத்தைக் கலைக்கும் ‘சந்திரகாந்தா’ அதைவிட வேகம். வடுவூராரிடம் பொறுமை வேண்டும், ஒரு தோட்டத்தை வருணிக்கவே நாலு பக்கம் எடுப்பார். ஆனால் அவருடைய திகம்பர சாமியார் மாறுவேடம் போடத் தொடங்கிவிட்டால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தில் எம். என். நம்பியார் பதினொரு வேடம் கட்டியது சும்மா இல்லை. சுஜாதாவுக்கு ‘நைலான் கயிறு’ நல்ல வாசல். கணேஷ் அதில்தான் முதலில் வருகிறான், வசந்த் இன்னும் வரவில்லை. பேராக்கே களமாக வேண்டும் என்பவருக்கு ஆங்கிலத்தில் யாங்சி சூ எழுதிய ‘தி நைட் டைகர்’ (2019) இருக்கிறது. 1931-ஆம் ஆண்டு ஈப்போவிலும் பத்து காஜாவிலும் ஒரு வெட்டுண்ட விரலைச் சுற்றி நடக்கும் கதை. சென்னையிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற ஆசையென்றால் பிரையன் ஸ்டோடார்ட்டின் லெ ஃபானு வரிசையில் மூன்றாவது நாவல். தேவனை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். கோவிந்தனையும் திகம்பர சாமியாரையும் நம்பிப் பழகியவருக்குத்தான் சாம்பு யாரைக் கேலி செய்கிறார் என்று பிடிபடும்.